தேவையற்றதை அடித்துவிடவும்

மூன்று வருஷம் ஒரு மில்லையே தூக்கி நிறுத்திய செல்லக்கண்ணுவுக்கு அந்த மூன்று வருஷமும் பதவி அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது. 'மேலாளர்' என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு குறி, உள்ளே 'பொறுப்பு', மறுபடி ஒரு குறி. பொறுப்பு என்பது தமிழில் எவ்வளவு பெரிய சொல்! ஆபீஸ் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம். வேலை முழுசு, சம்பளம் அரைகுறை.

அந்தக் குறிகளை நாள் தவறாமல் டைப் அடித்தவள் பரிமளா. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் இருந்த பருத்தி மில்லில் அவள் டைப்பிஸ்ட். விவசாயிகள் மூட்டையில் கொண்டுவரும் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்து, பஞ்சை அழுத்திப் பேல் பேலாகக் கட்டி அனுப்புகிற மில். 1995-இல் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மாவட்டத்துக்குப் பெரம்பலூர் என்று பேர். 2001-இல் அரியலூர் தனி மாவட்டம் என்றார்கள், ரப்பர் ஸ்டாம்பை மாற்றினாள். அடுத்த வருஷமே இல்லை, பழையபடி பெரம்பலூர்தான் என்றார்கள், மறுபடி மாற்றினாள். மில் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை. செல்லக்கண்ணுவின் அடைப்புக்குறியும் நகரவில்லை.

செல்லக்கண்ணு விக்கிரமங்கலத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பத்தொன்பது வயதில் கல்யாணம். நாலாம் வருஷம் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். செல்லக்கண்ணு ஒரு வாரம் அழுதார். எட்டாம் நாள் தாலியைக் கழற்றி ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, மாமியார் வீட்டுக்குப் போய், "இது உங்க வூட்டுப் பொருளுங்க, வச்சுக்கங்க" என்று கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் மில்லுக்கு வந்து பருத்தியில் தூசி பொறுக்குகிற வேலை கேட்டார். பொறுக்கிக்கொண்டே பத்தாவது எழுதினார், பன்னிரண்டாவது எழுதினார், தபாலில் பட்டமும் வாங்கினார். தராசுக்குப் போனார், பிறகு சூப்பர்வைசர் ஆனார். இதையெல்லாம் பரிமளா துண்டு துண்டாகப் பிறர் சொல்லித்தான் கேட்டாள். அவராகச் சொன்னது அந்தக் கிண்ணத்தைப் பற்றி மட்டும்தான். "கிண்ணத்தைத் திருப்பி வாங்காம வந்துட்டேன் புள்ள, நல்ல கிண்ணம்" என்றார்.

1999 பருத்தி சீசன் உச்சத்தில் மேனேஜர் அரங்கநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "புது ஆள் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கம்மா" என்றார் அப்போதைய முதலாளி. அரங்கநாதனுக்குச் சம்பளம் எட்டாயிரத்து ஐந்நூறு. செல்லக்கண்ணுவுக்கு சூப்பர்வைசர் சம்பளம் மூவாயிரத்து இருநூறும், பொறுப்புப் படி நானூறும். புது ஆள் வரவே இல்லை. மூவாயிரத்து அறுநூறில் வேலை நடக்கும்போது எந்த முதலாளி எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ஆள் தேடுவார்?

செல்லக்கண்ணு முதலில் செய்தது, 'சாம்பிள்' என்று ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கைப் பருத்தியை அள்ளிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தியதுதான். கேட்க அற்ப விஷயம். நூறு மூட்டைக்கு நூறு கை. அந்தக் கைகளுக்குப் பயந்து வெளியூர் வியாபாரிகளிடம் போய்க்கொண்டிருந்த விக்கிரமங்கலத்துப் பருத்தி ஒரே வருஷத்தில் இங்கே திரும்பியது. ஆபீஸ் நாற்காலியில் அவர் உட்கார்ந்து பரிமளா பார்த்ததில்லை. நாள் முழுக்க மூட்டை இறங்கும் யார்டுதான். தலையில் பஞ்சுத் தூசி, இடுப்பில் செருகிய முந்தானை, கையில் ஒரு நோட்டு.

அந்தக் கையின் மகிமையைப் பரிமளா கண்ணால் கண்டது 2001 பங்குனியில். கட்டி அடுக்கிய பேல் நானூறு இருந்தது கொட்டகையில். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் செல்லக்கண்ணு வழக்கம்போல் ஒவ்வொரு வரிசையாக உள்ளங்கையை வைத்துக்கொண்டே நடந்தார். மூன்றாம் வரிசையில் நின்றார். மூக்கைக் கொண்டுபோய் ஒரு பேலோடு ஒட்டினார்.

"பெரியசாமிண்ணே, இதுக்குள்ள தீ இருக்கு. வெளிய உருட்டுங்க."

பெரியசாமி லோடுமேன்களின் மேஸ்திரி. முப்பது வருஷமாகப் பேல் தூக்குகிறவர். அவரும் முகர்ந்து பார்த்தார். புகையும் இல்லை, சூடும் இல்லை.

"ஒண்ணுமில்லீங்களே மேனேஜரம்மா? வெயில் சூடுங்க."

"உருட்டுங்கண்ணே. இல்லைன்னா என் சம்பளத்துல உங்களுக்குப் பிரியாணி."

சிரித்துக்கொண்டேதான் உருட்டினார்கள். வெட்டவெளிக்குக் கொண்டுபோய்க் கம்பியை வெட்டினார் பெரியசாமி. பஞ்சு இரண்டாகப் பிளந்ததும் நடுவில் ஒரு தேங்காய் அளவுக்குச் சிவப்பாக ஒரு கங்கு. காற்றுப் பட்டதும் ஆளுயரத்துக்கு எழுந்தது நெருப்பு. பருத்தியோடு வந்த ஏதோ கல் மெஷினில் உரசித் தெறித்த பொறி, பஞ்சோடு சேர்ந்து பேலுக்குள் போய் இரண்டு நாள் சத்தமில்லாமல் தின்றுகொண்டு கிடந்திருக்கிறது. பெரியசாமி பின்வாங்கி, கீழே உட்கார்ந்துவிட்டார். நானூறு பேல், கொட்டகை, நூற்றுப்பத்துப் பேர் பிழைப்பு, எல்லாம் அந்த ஒரு உள்ளங்கையில் இருந்தது. பரிமளாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமியைப் பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள். சாமியோ, "பிரியாணி போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனது.

2002 தொடக்கத்தில் மில் கைமாறியது. சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியது. அவர்களுக்கு ஏற்கெனவே வேறு ஊர்களில் இரண்டு பருத்தி மில்கள். எல்லாம் கடிதத்தில்தான் நடக்கும். போன் வந்தால் பரிமளாதான் எடுப்பாள். "மேனேஜர் இருக்காரா?" என்று கேட்பார்கள். "யார்டுல இருக்காங்க சார், சொல்லிடுறேன்" என்பாள். 'இருக்காங்க' என்ற மரியாதைக்குள் ஆணும் உட்காரலாம், பெண்ணும் உட்காரலாம். அந்தப் பக்கத்தில் இருந்தவருக்கு அதில் ஒரு ஆண் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு படிவம் வந்தது. மில் மேலாளரைப் பற்றிய விவரம், மில்லின் மூன்று வருஷ உற்பத்தி, திரும்பி வந்த பேல் எத்தனை, விபத்து எத்தனை. முதல் வரியில் 'திரு / திருமதி / செல்வி' என்று அச்சடித்து, கீழே பொடி எழுத்தில் 'தேவையற்றதை அடித்துவிடவும்' என்று போட்டிருந்தது.

பரிமளா பேனாவோடு திகைத்தாள். திருமதி என்று விடலாமா? தாலியைக் கிண்ணத்தோடு திருப்பிக் கொடுத்த மனுஷியை எந்த முகத்தோடு திருமதி என்பது? அடித்தாள். அப்படியானால் செல்வியா? நாற்பத்து நாலு வயது, ஊரறியக் கல்யாணம் ஆனவர். செல்வி என்றால் கேலி மாதிரி இருக்கும். அதையும் அடித்தாள். செல்லக்கண்ணு அக்காவையே கேட்டுவிட்டு எழுதலாம் என்று எழுந்தபோது கூரியர் ஆள் வந்து நின்றான். 'அ. செல்லக்கண்ணு' என்று பேரை நிரப்பி, கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டாள். இரண்டை அடித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று அந்த அவசரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்டில் பதில் வந்தது. பரிமளா பிரித்துப் படித்தாள். 'திரு. அ. செல்லக்கண்ணு அவர்களுக்கு. மூன்று மில்களிலும் தங்கள் மில்லே எல்லா வகையிலும் முதலிடத்தில் உள்ளது. தங்கள் நிர்வாகத் திறமையைப் பாராட்டி, தங்களை மேலாளராக நியமித்து, மாதச் சம்பளம் ரூபாய் பதினெட்டாயிரம் என நிர்ணயிக்கிறோம்.' அடைப்புக்குறி இல்லை. பரிமளா துள்ளிக் குதித்தாள். குதித்து இறங்கும்போதுதான் அந்த முதல் சொல் கண்ணில் பட்டது. 

யார்டுக்கு ஓடி, கடிதத்தைக் கொடுத்து, நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள். செல்லக்கண்ணு இரண்டு தரம் படித்தார். பிறகு சிரித்தார். பஞ்சுத் தூசி பறக்கப் பறக்கச் சிரித்தார்.

"ஏ புள்ள, புருஷன் இல்லைன்னதும் என்னையே ஆம்பளை ஆக்கிப்புட்டியா?"

"மன்னிச்சுடுங்கக்கா. ஆனா இதை இப்ப யாருகிட்டயும் சொல்லாதீங்க. நாலு மாசம் சம்பளத்தை வாங்கிடுங்க. அப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது."

செல்லக்கண்ணு சிரிப்பை நிறுத்தினார். "இந்தப் பதினெட்டாயிரம் எனக்கு வந்துச்சா, இல்ல அந்த 'திரு'வுக்கு வந்துச்சா? அது எனக்குத் தெரியணும் பரிமளா. தெரியாம வாங்குனா சோறு எறங்காது. நான் பொம்பளைன்னு இன்னைக்கே ஒரு கடுதாசி அடி."

"கொறைச்சுட்டாங்கன்னாக்கா? வேலைக்கே ஆபத்து வந்தா?"

"வந்தா, அது யாருக்கு வந்த சம்பளம்னு தெரிஞ்சுடும்ல?"

பரிமளா டைப் அடித்தாள். மூன்று தாள் வீணானது. பதினெட்டாயிரத்தை மேசைமேல் வைத்துவிட்டு உண்மையைக் கையில் எடுத்துக்கொண்டு போகிற ஒரு ஆளை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. நம்மில் யார்தான் பார்த்திருக்கிறோம்?

மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. 'அ. செல்லக்கண்ணு, மேலாளர் (பொறுப்பு).' குறிகள் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டிருந்தன. 'மில்லின் செயல்பாட்டுக்குச் சாதகமான பருவநிலையும் காரணம் என்பதையும், தங்கள் குடும்பச் சூழலையும் கருத்தில்கொண்டு' சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. பரிமளாவுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. ஆகஸ்டில் திறமையாக இருந்தது செப்டம்பரில் மழையாகிவிட்டது! மற்ற இரண்டு மில்லிலும் நஷ்டம். அங்கே மழை பெய்யவில்லையாம், அதனால் அந்த மேலாளர்கள் வாங்கும் பதினெட்டாயிரத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆண் நஷ்டம் காட்டினால் வானத்தின் குற்றம். பெண் லாபம் காட்டினால் வானத்தின் புண்ணியம். இந்த வானம் யார் கம்பெனியில் வேலை பார்க்கிறது?

செல்லக்கண்ணு கடிதத்தைப் படித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மத்தியானம் வரை யார்டில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து பரிமளா பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து வந்து, "ரெண்டையும் போர்டுல ஒட்டு" என்றார்.

மேலேயிருந்து ஆர்டர் எது வந்தாலும் தராசு ரூமுக்கு வெளியே இருக்கும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்பது அரங்கநாதன் காலத்திலிருந்து அந்த மில்லின் வழக்கம். மேஸ்திரியின் ஷிப்ட் மாறினாலும் ஒட்டுவார்கள், தீபாவளி லீவு வந்தாலும் ஒட்டுவார்கள். பரிமளா இரண்டு ஆர்டரையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினாள். சம்பளத்தைப் பற்றி செல்லக்கண்ணு கேஷியரிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எந்த ஆர்டர்னு முடிவாவுற வரைக்கும் எனக்குப் பழைய சம்பளமே போடுங்க." மூவாயிரத்து அறுநூறு. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஒருவரிடமும் முறையிடவில்லை. பருத்தி கொண்டுவந்த விவசாயிகள் தராசுக்குக் காத்திருக்கும்போது போர்டைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டினார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க அந்த இரண்டு தாளும் மனப்பாடம் ஆயிற்று.

2003 பொங்கல் முடிந்த வாரம் சென்னையிலிருந்து டைரக்டர் கலைச்செல்வன் மில்லைப் பார்க்க வந்தார். இரண்டு ஆர்டரிலும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். யார்ட் நிறைய வண்டிகள், மூட்டைகள், ஆட்கள். காரைவிட்டு இறங்கியதும் போர்டு முன்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அருகில் போய்ப் படித்தார். காது சிவந்தது.

"இதை யாரு ஒட்டினது?"

பரிமளா, "நான்தான்" என்று சொல்ல வாய் திறப்பதற்குள் செல்லக்கண்ணு முன்னால் வந்தார்.

"நான் ஒட்டச் சொன்னதுங்க சார்."

"ஆபீஸ் விஷயத்தை இப்படி வெளியில போடலாமா?"

"ஆர்டர் வந்தா ஒட்டுறது இங்க வழக்கங்க. ரெண்டு வந்துச்சு. ரெண்டையும் ஒட்டுனோம்."

"ரெண்டாவது வந்தா மொதல்ல வந்தது செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்படி அதுல எழுதலைங்களே சார்." குரல் உயரவில்லை.  "மில்லு அதே மில்லு. ஆளும் அதே ஆளு. பேல் கணக்கும் அதே கணக்கு. நடுவுல மாறுனது என்னான்னு இவங்கள்லாம் நாலு மாசமா என்னைக் கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியலைங்க. நீங்களே ஒருதரம் சொல்லிப்புட்டு, தேவையில்லாததைக் கிழிச்சுடுங்க சார். எதைக் கிழிச்சாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

 ஒன்றைக் கிழித்தால் அவருக்கு மேனேஜர் நாற்காலி. மற்றதைக் கிழித்தால் ஆயுசுக்கும் அடைப்புக்குறி. கலைச்செல்வன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். காரணம் சொல்ல அவர் வாய் திறந்ததையும், அந்தக் காரணத்தைத் தன் காதே கேட்கப்போகிறது என்று தெரிந்து மூடிக்கொண்டதையும் பரிமளா பார்த்தாள்.

பெரியசாமி கூட்டத்துக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார். "சார், பேலுக்குள்ள கெடந்த தீ இருக்கே, அது திருவா திருமதியான்னு கேட்டுட்டு எரியாதுங்க. இந்தக் கை இல்லைன்னா நீங்க வாங்குறதுக்கு இங்க மில்லே இருந்திருக்காதுங்க."

கலைச்செல்வன் செல்லக்கண்ணுவின் கையைப் பார்த்தார். காய்த்துப்போன உள்ளங்கை, விரல் இடுக்கில் பஞ்சு. வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது பரிமளாவுக்கு. பிறகு போர்டு பக்கம் திரும்பினார். ஒன்பதாயிரத்து ஐந்நூறைப் பிடித்து இழுத்தார். பரிமளா நன்றாகப் பசை போட்டிருந்தாள், ஒரே இழுப்பில் வரவில்லை. மூன்று தடவை கிழிக்க வேண்டியிருந்தது. கிழித்து முடித்தபோது அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, அதுவும் ஒரு பெரிய மனசுதான்.

"செப்டம்பர்லேர்ந்து சேர்த்துக் கொடுத்துடச் சொல்றேம்மா" என்றார்.

"ஆகஸ்ட்டுங்க சார். ஆர்டர் ஆகஸ்ட்டுல வந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஆகஸ்ட்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மிச்சமிருந்த ஆர்டரில் 'திரு' என்பதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடித்த இடத்துக்கு மேலே பேனாவை வைத்தவர் நிறுத்தி, மரியாதையாகக் கேட்டார்.

"திருமதின்னு போடவா? செல்வியா?"

ஜூன் மாதம் பரிமளாவைத் திகைக்கவைத்த அதே கேள்வி. 

"அந்த எடத்துல ஒண்ணும் வேணாங்க சார்" என்றார் செல்லக்கண்ணு. "மேலாளர்னு பின்னால இருக்குல்ல, அது போதும்." சொல்லிவிட்டு, மூன்றாம் வண்டியில் மூட்டை நனைந்திருப்பதாக யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டார்.

பரிமளா ஆபீசுக்குள் வந்து டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். டைரக்டர் வந்துபோன விவரத்தைத் தலைமை ஆபீசுக்கு எழுத வேண்டும். எழுதி முடித்து, கையெழுத்துக்குக் கீழே 'அ. செல்லக்கண்ணு' என்று அடித்தாள். அடுத்த வரியில் 'மேலாளர்' என்று அடித்தாள். மூன்று வருஷப் பழக்கத்தில் விரல் தானாக அடைப்புக்குறி இருந்த இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. கண்ணீர் வந்து எழுத்தெல்லாம் மங்கிவிட்டதால், கையால் தடவிப் பார்த்து, முற்றுப்புள்ளி விசை எங்கே இருக்கிறதென்று தேடிப் புள்ளி வைத்தாள்.